ஐந்தில் இரண்டு

அன்புள்ள மாலதி,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதத்துக்குப் பதிலே போடாமல் இருந்தவள் இப்போது காரியம் ஆக வேண்டி எழுதுகிறாள் என்று நீ முணுமுணுப்பாய். முணுமுணுத்துவிட்டு மேலே படி.

ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பைத் தாமே ஆராய்ந்து கற்பித்தலைத் திருத்திக்கொள்ளும் செயலாராய்ச்சி ஒன்று செய்து அறிக்கை தர வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு வந்தது. மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள், எனக்கு உற்சாகம். (கரும்பலகை ஐயா இந்தப் பாடம் நடத்தியபோது நாம் கடைசி வரிசையில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை இங்கே எழுத மாட்டேன்.) பின்னக் கூட்டலை எடுத்துக்கொண்டேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலே உள்ளதைத் தனியாகவும் கீழே உள்ளதைத் தனியாகவும் கூட்டி 2/5 என்று எழுதுவார்களே, அப்படி எழுதியவர்களை ஒவ்வொருவராக அழைத்து, விடை எப்படி வந்தது என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொண்டேன். ஒரு சிறுமி, "முதல் சோதனையில் ரெண்டு கேள்விக்கு ஒண்ணு சரி, அடுத்ததில் மூணு கேள்விக்கு ஒண்ணு சரி, மொத்தம் அஞ்சுக்கு ரெண்டுதானே டீச்சர்?" என்றாள். மதிப்பெண் கணக்காகப் பார்த்தால் அவள் சொன்னது முற்றிலும் சரி, மாலதி! இரண்டு பின்னங்களும் ஒரே முழுமையின் பங்குகள் என்பது அவள் மனத்தில் இல்லை. அது இல்லாதவளுக்கு மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்து என்ன பயன்? மறுநாள் ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளை மடிக்கச் செய்து, 2/5 அரையைவிடச் சிறியதா பெரியதா என்பதிலிருந்து தொடங்கினேன்.

இவை அனைத்தையும் எழுதிக் கொடுத்த அறிக்கை, பாடத்துக்கு முன் ஒரு தேர்வும் பின் ஒரு தேர்வும் (முன்தேர்வு, பின்தேர்வு) வைத்து இரண்டின் சராசரி வேறுபாட்டைக் காட்டவில்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. ஏற்கப்பட்டவற்றைப் பார்த்தேன்; எல்லா வகுப்பும் முன்தேர்வில் வீழ்ந்து பின்தேர்வில் எழுந்திருக்கிறது, ஒரு வகுப்பாவது இருந்த இடத்திலேயே இருந்திருக்கக் கூடாதா? எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் திட்டமிட்டு, செய்து, நடந்ததைக் கண்டறிந்து, அதைக் கொண்டு மீண்டும் திட்டமிடுவதைத்தான் செயலாராய்ச்சி என்று 1946இல் உளவியலாளர் கர்ட் லெவின் விவரித்தார். கலைத்திட்டம் என்பது வகுப்பறையில் ஆசிரியர் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு முன்மொழிவு என்று 1975இல் கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் வாதிட்டார். வெற்றியை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்ட படிவத்தில் சோதிப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? இத்தகைய அறிக்கைகளைத் திருத்தும் இடத்தில் இப்போது நீ இருப்பதால் இந்தக் கோபத்தில் பாதி உனக்கும் உரியது.

கேலி போகட்டும், உன்னிடம் கேட்க வேண்டியது வேறு. கேள்வி கேட்பவளும் மதிப்பெண் போடுபவளும் நானே என்னும்போது, நான் எதிர்பார்ப்பதைத்தானே பிள்ளைகள் சொல்வார்கள்? அடுத்த சுற்றில் என் வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒருவரைப் பேச வைத்தால் சரியாக இருக்குமா, அல்லது அவரிடம் அவர்கள் வாயே திறக்க மாட்டார்களா? அந்தச் சிறுமியிடமும் அவள் பெற்றோரிடமும் கேட்காமல் அவள் சொற்களை அறிக்கையில் சேர்த்தது முறைதானா என்பதும் என்னை உறுத்துகிறது. குறிப்புகளின் படியைப் பெயர்களை நீக்கி இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையைத் தாராளமாகப் பயன்படுத்து. படிவத்தை மட்டும் அனுப்பாதே.

அன்புடன்,
வசந்தா