லேமினேட் கதவின் கீறலுக்கு உப்புத்தாள் உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமையலறை அலமாரிக் கதவுகளில் விழும் கீறல்களை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, அதன்மேல் எண்ணெயோ அக்ரூட் பருப்போ தடவினால் அவை மறைந்துவிடும் என்று தங்கள் நாளிதழின் வீட்டுக் குறிப்புகள் பகுதியில் வெளியான யோசனையைப் படித்தேன். பாலிஷ் போட்ட மரக் கதவுக்கு அது ஓரளவு பொருந்தும். லேமினேட் ஒட்டிய கதவில் அதைச் செய்துபார்த்தால், அருகில் போய்த் தேடினால் மட்டுமே தெரிந்துகொண்டிருந்த ஒரு கீறல், அறைக்குள் நுழைந்ததுமே கண்ணில் படும் வெளுத்த திட்டாக மாறிவிடும். குறிப்பை எழுதியவர் கதவு எந்த வகை என்பதைச் சொல்லாமல் விட்டதால், சில விவரங்களை வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

தச்சர்கள் மைக்கா என்று சொல்லும் இந்த லேமினேட் தாளாலும் பிசினாலும் ஆனது. பீனாலிக் பிசினில் ஊறவைத்த பழுப்புத் தாள்கள் பலவற்றை அடியில் அடுக்கி, அவற்றின்மேல் நிறமோ மரவரியோ அச்சிட்டு மெலமைன் பிசினில் ஊறவைத்த தாள் ஒன்றை வைத்து, பல வகைகளில் அதற்கும் மேலே நிறமற்ற காப்புத் தாள் ஒன்றையும் சேர்த்து, 120 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் ஒரே தகடாக இறுக்குகிறார்கள். அலமாரிக் கதவுகளில் ஒட்டும் தகட்டின் மொத்தத் தடிமனே பெரும்பாலும் 0.8 அல்லது 1 மில்லிமீட்டர்தான். நாம் பார்த்துத் தேர்ந்தெடுத்த நிறமெல்லாம் அதன் மேற்புறத்தில் இருக்கும் அந்த ஒற்றை அச்சுத் தாளில் அடங்கிவிடுகிறது. உப்புத்தாள் முதலில் காப்பை அரிக்கும், அடுத்து அச்சை அரிக்கும், அதற்குப் பிறகு அடியிலுள்ள பழுப்புத்தான் வெளியே வரும். மெலமைன் பிசின் ஒருமுறை இறுகிவிட்டால் மீண்டும் உருகாது என்பதால், தேய்ந்துபோன மேற்பரப்பை மரத்தைப் போல மறுபடியும் பாலிஷ் போட்டு மீட்கவும் வழியில்லை.

எண்ணெயும் அப்படித்தான். உறிஞ்சிக்கொள்ள மரத்தில் இருக்கும் நுண்துளைகள் இதில் இல்லை. கீறலின் பள்ளத்தில் தேங்கி, அங்கே ஒளி சிதறுவதைக் குறைப்பதால் சில நாட்களுக்குக் கீறல் மறைந்ததுபோல் தோன்றும். பிறகு அந்தப் பிசுக்கில் தூசி படிந்து, வெள்ளைக் கோடாக இருந்தது கருங்கோடாகும். பலரும் பரிந்துரைக்கும் பற்பசையில் நுண்ணிய தேய்ப்புத் துகள்கள் இருக்கின்றன. அது மங்கலான மேட் கதவில் பளபளக்கும் வட்டத்தையும், பளபளப்பான கதவில் மங்கிய வட்டத்தையும் உண்டாக்கும்.

லேமினேட் போலவே தோன்றும் வேறு கதவுகளும் உண்டு என்பதால், கையில் எதையும் எடுப்பதற்கு முன் கதவின் விளிம்பைப் பார்ப்பது நல்லது. முகப்பும் விளிம்பும் இணைப்புக் கோடே இல்லாமல் ஒரே உறையாக வளைந்து இறங்கினால், அது பெரும்பாலும் எம்.டி.எஃப். எனப்படும், மர நார்களைப் பிசினால் இறுக்கிய பலகையின்மேல் சூடாக்கிப் படியவைத்த பி.வி.சி. படலமாக இருக்கும், வெப்பம் பட்டால் அது சுருங்கும், பலகையை விட்டுப் பிரியவும் கூடும். கண்ணாடிபோல் முகம் தெரியும் கதவு அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்காக இருக்கலாம். அசிட்டோனோ தின்னரோ பட்டால் அதில் வெடிப்புகள் விடும். ஆனால் லேமினேட்டைப் போலன்றி, அக்ரிலிக்கின் மெல்லிய கீறல்களை அதற்குரிய பாலிஷ் கொண்டு தேய்த்து எடுக்க முடியும். விரல் ரேகை படியாத புதுவகை மேட் தகடுகள் சிலவற்றில் நுண்கீறல்களை மிதமான சூட்டால் ஆற்றலாம் என்று தயாரிப்பாளர்களே வழிமுறை தருகிறார்கள். அதை நம்பிச் சாதாரண லேமினேட்டின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைப்பது வீண் வேலை.

அடுத்து, கீறல் உண்மையிலேயே கீறல்தானா என்று பார்க்க வேண்டும். பாத்திரத்தின் விளிம்போ கரண்டியோ உரசிச் செல்லும்போது, உலோகம் மெலமைன் பரப்பில் சாம்பல் நிறக் கோடாக ஒட்டிக்கொள்வது உண்டு. பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் நனைத்த மென்துணியால் துடைத்தாலே பல சமயம் அது போய்விடும். போகாவிட்டால், மேட் கதவாக இருக்கும் பட்சத்தில், நீரில் குழைத்த சமையல் சோடாவை விரல் நுனியில் தொட்டு அழுத்தாமல் ஓரிரு முறை தேய்க்கலாம். அதையும் முதலில் கதவின் உட்புறத்தில் சோதித்துப் பார்த்தபின் செய்ய வேண்டும். துடைத்தும் மறையாத கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டினால், நகம் தட்டாமல் வழுக்கிச் சென்றால் சேதம் காப்புத் தாளோடு நின்றிருக்கிறது என்று கொள்ளலாம். அத்தகைய கீறலைச் சும்மா விட்டுவிடுவதே சிறந்தது என்பது என் கருத்து. நகம் தட்டி, பள்ளத்தில் பழுப்பும் தெரிந்தால் மட்டுமே நிரப்பும் வேலைக்குப் போக வேண்டும்.

நிரப்புவதற்கு மரச்சாமான் பழுதுபார்க்கும் வண்ண மெழுகுக் குச்சிகளே பழகாத கைக்கு ஏற்றவை. தவறினால் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கலாம் என்பதே அவற்றின் பெரிய வசதி. முதலில் கீறலின் ஓரங்களில் எழும்பி நிற்கும் சிலும்பலைக் கூர்மையான பிளேடைக் கிடைமட்டமாக வைத்து நீக்கி, எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் துடைத்து, நன்கு உலரவிட வேண்டும். கதவின் நிறத்துக்குச் சற்றே வெளிறிய மெழுகைப் பள்ளத்தில் அழுத்தி நிரப்பி, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் கீறலுக்குக் குறுக்காக வழித்து மட்டப்படுத்தி, தேவையான இடத்தில் மட்டும் அடர்நிறத்தால் வரியிட வேண்டும். வெளிறியதை அடர்த்தியாக்குவது எளிது. அடர்த்தியாகிவிட்டதை வெளிறச் செய்வது மிகக் கடினம். வண்ணப் பேனாவைப் பயன்படுத்துவோரும் இதே வரிசையைப் பின்பற்றி, பள்ளத்துக்கு வெளியே பரவிய மையை உடனே துடைத்துவிட வேண்டும். பகல் வெளிச்சத்தில் பொருந்திய நிறம் இரவு விளக்கில் தனித்துத் தெரியக்கூடும் என்பதால், இரண்டிலும் பார்த்தே நிறத்தை முடிவுசெய்வது நல்லது. அடுப்புக்கும் ஓவனுக்கும் அருகில் மெழுகு இளகிவிடும். அங்கே லேமினேட்டுக்கென்றே விற்கும் நிறப் பசையை, உலர உலரச் சுருங்கும் என்பதால், மெல்லிய பூச்சுகளாக ஒன்றின்மேல் ஒன்றாக இட வேண்டும்.

மரவரியுள்ள கதவில் நிரப்பிய கோட்டையும் இன்னொரு வரியாக்கிவிடலாம். ஒரே நிறக் கதவில், குறிப்பாக வெள்ளையிலும் கறுப்பிலும், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அருகில் நின்றால் தெரியத்தான் செய்யும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. அப்படிப்பட்ட கதவை, அதே அளவும் கீல் துளைகளும் உள்ள, கண்ணுக்குப் படாத மூலைக் கதவோடு இடம் மாற்றிவிடுவது நிரப்புவதைவிட நல்ல பலன் தரும்.

தோற்றத்தைவிட முக்கியமானது விளிம்பு. பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழுள்ள கதவில் விளிம்புப் பட்டை பிரிந்திருந்தாலோ, முனை பெயர்ந்திருந்தாலோ, உள்ளே இருக்கும் பார்ட்டிகிள் போர்டோ (மரத்துகள்களை ஒட்டிச் செய்த பலகை) எம்.டி.எஃப்.போ நீரை உறிஞ்சி உப்பிவிடும். உப்பிய பலகை உலர்ந்தாலும் பழைய மட்டத்துக்குத் திரும்பாது. எனவே கதவின் நடுவில் உள்ள நீண்ட கீறலைக் காட்டிலும், விளிம்பில் உள்ள சிறு பெயர்ப்பை முதலில் கவனிக்க வேண்டும். பெயர்ந்த முனையை, இரு பகுதிகளைக் கலந்து இடும் எபாக்சிப் பசையால் அடைக்கலாம். பிரிந்த பட்டைக்கு ரப்பர் பசையை இரு பரப்பிலும் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்கு உலர்ந்தபின் அழுத்த வேண்டும். அந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும் தன்மையது. சமையலறையில் அதைத் திறப்பதற்கு முன் அடுப்பை அணைத்து, சன்னல்களைத் திறந்துவைப்பது கட்டாயம்.

இனிமேல் இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, அவை மரத்துக்கா, லேமினேட்டுக்கா, அக்ரிலிக்குக்கா என்பதை முதல் வரியிலேயே குறிப்பிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அலமாரி அமைத்துத் தருவோரும், ஒட்டிய தகட்டின் குறியீட்டு எண்ணையும் வெட்டியதில் மிஞ்சிய கையளவுத் துண்டையும் உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுச் செல்வதை வழக்கமாக்கிக்கொண்டால் பேருதவியாக இருக்கும். மெழுகோ பேனாவோ வாங்கும்போது நிறத்தை அந்தத் துண்டோடு ஒப்பிடலாம். முதல் பூச்சைக் கதவில் இடாமல் அதன்மேலேயே இட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்