கிழக்குக் கரையின் மணலுக்கேற்ற பூங்கனியியல் பாடநெறி வேண்டும்: தொழிற்கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தொழில்நுட்பக் கல்லூரிகளையும் தொழிற்பயிற்சி நிலையங்களையும் நிருவகிக்கும் அதிகாரிகளுக்கும், பாடவிதானம் வகுக்கும் குழுவினருக்கும்,

மதிப்புக்குரியீர், வணக்கம்.

அலங்காரப் பூங்கனியியலையும் தரைத்தோற்ற வடிவமைப்பையும் ஒருசேரக் கற்பிக்கும் ஈராண்டுப் பாடநெறி ஒன்றை, தமிழ் மொழிமூலம், எங்கள் கரையோர மண்ணிலேயே நடத்த வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். குறுகிய காலப் பயிற்சிகள் நடைபெறும் இடங்களில் அவற்றை விரிவாக்கியும் இதனைச் செய்யலாம். ஆரையம்பதியில் பூங்கன்று வளர்த்து விற்பவன் என்பதால், இத்தொழிலுக்கு வர விரும்பும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் அடிக்கடி சந்திக்கிறேன். வேலை இருக்கிறதா என்று அவர்கள் கேட்பதில்லை. முறையாக எங்கே படிக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள்.

வேலை இருப்பதை நீங்களும் காண்பீர்கள். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் விடுதிகள் தோட்டமின்றி இயங்குவதில்லை. காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களைக் காணப் பிற ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பாடசாலை, வைத்தியசாலை, கோயில், பள்ளிவாசல், வாவிக்கரை என்று பொது இடங்கள் அனைத்துக்கும் நடுபவரும் பராமரிப்பவரும் வேண்டும். இன்று அவ்வேலையைச் செய்பவர்களிற் பெரும்பாலோர் ஒருவர் செய்வதைப் பார்த்து மற்றவர் பழகியவர்கள். அவர்களுடைய உழைப்பில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு செடி ஏன் பட்டது என்பதற்குக் காரணம் தெரியாமல் அதே குழியில் அதே செடியை மறுபடியும் நடுகிற நிலை, உழைப்பவருக்கும் பணம் கொடுப்பவருக்கும் இழப்பையே தருகிறது.

பாடநெறியின் உள்ளடக்கத்தைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். மலைநாட்டுப் பேராதனையிலும் ஹக்கலையிலும் பொருந்துகிற செடிப்பட்டியலையும் நடுகைமுறையையும் அப்படியே இங்கே கொண்டுவந்து கற்பித்தால், பிள்ளைகள் சான்றிதழ் பெறுவார்கள், செடிகளோ பங்குனிக்குப் பின் காய்ந்துவிடும். மட்டக்களப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர் மழை பெய்கிறது என்றாலும், அதிற் பாதிக்கு மேல் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் நீண்ட வறட்சி, அதன் நடுவே இலைகளைக் கருக்கும் கச்சான் காற்று, கடலோரத்தில் ஆண்டு முழுவதும் உப்புத் தூவல். மணலில் ஊற்றிய நீர் நிற்பதில்லை. இட்ட உரமும் நீரோடு சேர்ந்து வேருக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே உரத்தைச் சிறு அளவாகப் பலமுறை இடுவது, தும்புச்சோறும் கூட்டெருவும் கலந்து மண்ணின் நீர்ப்பிடிப்பைக் கூட்டுவது, மூடுபடை இடுவது ஆகியவை முதலாம் தவணையிலேயே கையால் செய்து பழக வேண்டியவை. வரைதாளில் தோட்டம் வரைவது அதற்குப் பிறகு வரட்டும்.

நீரைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கரையோரக் கிணறுகளில் இருப்பது, கீழே உள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் நன்னீர். கடல் மட்டத்திற்கு மேல் ஒரு மீற்றர் உயரத்திற்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது கோட்பாட்டளவிலான கணக்கு. மேலே கொஞ்சம் குறைந்தால் கீழிருந்து உவர்நீர் பன்மடங்கு மேலேறும் என்பதே அதன் மறுபக்கம். புற்றரைக்காக இரவு பகலாக மோட்டார் இறைத்தால், தோட்டத்தின் கிணறு மட்டுமன்றி அயல்வீட்டுக் கிணறும் உவராகலாம். இதை அறியாமல் ஒருவர் தரைத்தோற்ற வடிவமைப்பாளராக இங்கே தொழில் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியால் கிணற்று நீரை அளக்கவும், அந்த அளவுக்குத் தாங்கும் செடிகளைத் தெரிவு செய்யவும், சொட்டுநீர்க் குழாய்களைத் தாமே பொருத்தவும் ஒவ்வொரு மாணவரும் கற்க வேண்டும். ஈரமும் நிழலும் விரும்பும் மலேசியன் புல்லைத் திறந்த வெயிலில் விரித்துவிட்டு நீருக்கு அலைவதை விட, அறுகையோ சொய்சியாப் புல்லையோ நடுவது நல்லது. பல இடங்களில் புற்றரையே தேவையில்லை. புன்னையும் பூவரசும் தரும் நிழலில் மணல் முற்றம் போதும். அலரி, போகன்விலா, நித்தியகல்யாணி, தாழை ஆகியவை இக்கரையில் ஏற்கெனவே தம்மை நிரூபித்தவை. மணற்றிட்டைப் பிடித்து நிற்கும் அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் களையென்று பிடுங்காமல், அவற்றையும் வடிவமைப்பின் உறுப்பாகக் கொள்ளும் பார்வை எங்கள் பிள்ளைகளுக்கு வர வேண்டும்.

மரக்கிளைகளை வெட்டுவது தனிப் பாடமாக இருக்க வேண்டும். வீதியோர மரங்களின் தலையை ஒரே மட்டமாக அரிந்துவிடுவதைக் கத்தரித்தல் என்று இங்கே பலரும் நம்புகிறார்கள். அப்படி அரிந்த இடத்தில் வெளிவரும் கிளைகள் அடிமரத்தோடு பலமாகப் பொருந்துவதில்லை. காற்றில் முதலில் முறிபவை அவையே. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியைக் கண்ட மாவட்டத்தில், கிளை முறிவது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். பாரமான கிளையை முதலிற் கீழ்ப்புறமாகச் சிறிது அறுத்து, பின்பு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து விழுத்தி, கடைசியாகக் கிளை அடியிலுள்ள புடைப்பைக் காயப்படுத்தாமல் அதன் வெளிவிளிம்பில் அறுத்தால், பட்டை உரியாது, மரமும் அக்காயத்தைத் தானே மூடிக்கொள்ளும். வெட்டுவாயில் தார் பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்பதை அமெரிக்க மரவியலாளர் அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார். ஒரு மாணவர் வாள் பிடித்து, ஆசிரியர் அருகில் நின்று திருத்தினால் தவிர இது வராது.

அழகுக்கென்று கொண்டுவந்த செடி ஆபத்தாவதையும் பாடவிதானம் மறக்கக் கூடாது. காடுகளிலும் தரிசுகளிலும் இன்று முட்புதராக மண்டிக் கிடக்கும் நாயுண்ணி, 1826இல் பேராதனைத் தாவரவியற் பூங்கா வழியாக அலங்காரச் செடியாகவே இலங்கைக்குள் வந்தது. எங்கள் நீர்நிலைகளை மூடும் ஆற்றுவாழையும் அதன் ஊதாப் பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டதே. அதை ஒழிக்க 1909இலேயே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. புதிய செடியொன்றை விற்கும் முன்னும் நடும் முன்னும், அது விதையால் எவ்வளவு தூரம் பரவும், நீரில் மிதக்குமா, பறவை தின்னுமா என்று கேட்கும் பழக்கத்தைக் கல்லூரிதான் ஊட்ட வேண்டும். செடி விற்று வாழும் நானே இதைக் கேட்கிறேன்.

எப்படி நடத்துவது என்பதில் உங்களுக்கே அனுபவம் அதிகம். ஆயினும் ஒன்று சொல்வேன். 1901இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தின் ஜோலியற் நகரில் முதல் அரச சமூகக் கல்லூரி தொடங்கியது முதல், அத்தகைய கல்லூரிகள் ஊரிலிருந்தபடியே, வேலை செய்துகொண்டே, ஈராண்டில் தொழில் கற்க வழி செய்திருக்கின்றன. அங்கே பூங்கனியியல் கற்பிக்கும் கல்லூரிகளிற் பசுமைக்குடிலும் நாற்றுமேடையுமே வகுப்பறைகள். எங்களுக்கும் கட்டடத்தை விட, நீர் வசதியுள்ள அரை ஏக்கர் நிலமும் நிழல்வலையும் தாய்ச்செடிகளும்தான் முதலில் தேவை. தேசிய தொழிற்தகைமையின் 4ஆம் மட்டத்தில் தொடங்கி 5ஆம் மட்டமான டிப்ளோமா வரை செல்லும்படி பாடநெறியை அமைத்தால், மேலே படிக்க விரும்புபவருக்கும் கதவு திறந்திருக்கும். அம்பாந்தோட்டை மிரிஜ்ஜவிலவில் உலர்வலயத் தாவரவியற் பூங்கா இருக்கிறது. மாணவர்கள் சில நாட்கள் தங்கிப் படிக்க வேண்டிய இடம் அதுவே.

வீட்டு முற்றத்தில் பூங்கன்று வளர்த்துக் குடும்பத்தைக் காக்கும் பெண்கள் இரு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். பதிவைத்தலும் ஒட்டுதலும் அவர்களுக்குக் கைவந்தவை. சாதாரண தரச் சான்றிதழ் சிலரிடம் இல்லை. ஏற்கெனவே பெற்ற திறமையை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் முறை தேசிய தொழிற்தகைமையில் உள்ளதால், அவர்களை மதிப்பிட்டுச் சேர்த்துக்கொள்ள வழியுண்டு. வார இறுதி வகுப்புகளும் வேண்டும். அவர்களிற் சிலர் மாணவராக வருவதோடு, செயன்முறை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் வல்லவர்கள். அதற்குரிய கொடுப்பனவையும் மதிப்பையும் அவர்களுக்கு வழங்க வேண்டும்.

முதலாம் அணியை ஆவணி மாதத்திற்குள் சேர்த்துக்கொண்டால், மண்ணைப் பதப்படுத்தவும் குழி வெட்டவும் இரு மாதங்கள் கிடைக்கும். ஐப்பசி மழையோடு முதல் நடுகையைச் செய்யலாம். சித்திரையில் தொடங்கினால் மாணவர்கள் முதலிற் காண்பது கன்றுகள் காய்வதைத்தான். தாய்ச்செடிகளை எங்கள் நாற்றுமேடையிலிருந்து விலையின்றித் தருவதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன். இதுபற்றிப் பேச நீங்கள் அழைக்கும் நாளில், இரு மாவட்டங்களிலும் இத்தொழிலில் உள்ள வேறு சிலரையும் அழைத்துக்கொண்டு வருவேன்.

இங்ஙனம்,
ஆரையம்பதியிலிருந்து
ஒரு பூங்கன்றுச் செய்கையாளர்