பாரிஷ் ஹாலைத் திறந்துவிடுங்கள்: சேகரக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பல சபைகள் சேர்ந்த சேகரங்களின் குருவானவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களுக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

நான் அரசு மருத்துவமனையில் நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசி வருஷங்கள் டயாலிசிஸ் பிரிவில் இருந்தேன். அங்கே பார்த்த ஒரு குறையை உங்கள் முன் வைத்து, அதற்காக ஒன்று கேட்கத்தான் இந்த மடல்.

டயாலிசிஸ் என்றால் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மெஷின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. அதற்கு வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை வர வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நாலு மணி நேரம் படுக்கை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காசில்லாமல் நடக்கிறது. மெஷின் இருக்கிறது, நர்சுகளும் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். முடித்து எழுந்த பிறகுதான் சிரமம். பிரஷர் இறங்கித் தலை சுற்றும், காலில் குரக்குவலி இழுக்கும். ஊசி போட்ட கையில் பாரம் தூக்கக் கூடாது, பிரஷர் கூடப் பார்க்கக் கூடாது. அந்தக் கையைப் பஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் பையையும் வைத்துக்கொண்டு பஸ் கம்பியை எதால் பிடிப்பது? பிள்ளைகள் சென்னையிலோ திருப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். பணம் அனுப்புகிறார்கள், வாரம் மூன்று நாள் லீவு போட்டு வர முடியாது. கூட வர ஆளில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நாளைத் தள்ளிப்போடுவார்கள். அப்புறம் நெஞ்சில் நீர் கோத்து, மூச்சுவிட முடியாமல், ஆம்புலன்சில் வருவார்கள். இதை நான் ஒருவரிடம் மட்டும் பார்க்கவில்லை.

மற்ற இடங்களிலும் இதே கதைதான். காலமெல்லாம் பீடி சுற்றித் தேய்ந்த விரல் ரேஷன் கடை மெஷினில் பதியாது. பதியாவிட்டால் என்ன செய்வது, மனுவை எங்கே கொடுப்பது என்று சொல்ல யாருமில்லாமல் பாட்டிகள் வெறும் பையோடு திரும்புகிறார்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோனால் ஏன் நின்றது என்று கேட்கத் தெரியாது. இன்றைக்கு நம் ஊர்களில் திட்டம் இல்லாமல் தவிப்பவர்களைவிட, திட்டம் இருந்தும் அதன் வாசல்வரை போக முடியாமல் தவிப்பவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

நம்மிடம் இருப்பதையும் பாருங்கள். ஊர் நடுவில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பாரிஷ் ஹால், அதாவது நம் சபையின் பொதுக்கூடம். மின்விசிறி, நாற்காலி, தண்ணீர் எல்லாம் இருக்கிறது. கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் திறக்கிறோம், மற்ற நாளெல்லாம் பூட்டு. ஓய்வு பெற்ற வாத்தியார்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், நர்சுகள், வங்கிக்காரர்கள் என்று ஒவ்வொரு சபையிலும் ஒரு பத்துப் பேராவது தேறுவார்கள். அசனம் என்னும் சபை விருந்துக்கு ஒரே ராத்திரியில் ஊருக்கே சோறும் குழம்பும் ஆக்கி இறக்கத் தெரிந்த சபைகள் நம்முடையவை. வேலையைப் பங்கு போட்டுச் செய்ய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். வாரத்தில் இரண்டு நாளாவது காலையில் அந்த ஹாலைத் திறந்துவைத்து, மனு எழுதித் தரவும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகவும் ஆட்களை நியமியுங்கள். ஆட்டோ வாடகைக்கு அறுப்பின் பண்டிகை வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள். கோபுரத்துக்குப் பெயின்ட்டும் தரைக்கு கிரானைட்டும் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

இது புதுசாக நான் கிளப்பும் யோசனை இல்லை. நாம் வளர்ந்த வழியே இதுதான். 1876-ல் மிஷனரி மர்காஷிஸ் ஐயர் நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத் ஊருக்கு வந்தபோது தாது வருஷப் பஞ்சம் தொடங்கிவிட்டது. மருத்துவம் படிக்கத் தொடங்கி, உடல்நலக் குறைவால் முடிக்க முடியாமல்போன மனுஷர் அவர். பஞ்சத்தில் அநாதைகளான பிள்ளைகளுக்குச் சோறு போட்டதோடு விடவில்லை. அவர்கள் கையில் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்று 1878-ல் தொழிற்பள்ளி தொடங்கினார். மருத்துவமனையும் கட்டினார். 1908-ல் இறக்கும்வரை அந்த ஊரிலேயே இருந்தார். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் கண் தெரியாத பிள்ளைகளுக்கும், சுவெய்ன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கியதும் அவர் காலத்திலேயேதான். அந்தப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன.

வெள்ளைக்காரர்கள் செய்தார்கள், அவர்களுக்குச் சீமைப் பணம் வந்தது என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் நம் பாட்டிமார் எடுத்துவைத்த கைப்பிடி அரிசியை நினைத்துப் பாருங்கள். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார்கள். அந்த வீட்டிலேயே அன்றைக்கு அரிசி போதுமா என்பது சந்தேகமாக இருக்கும். அப்படிச் சேர்ந்த அரிசியும் காசும்தான் எத்தனையோ ஊர்களில் ஊழியத்தைத் தாங்கின. இன்று நம் சபைகளில் கார் வைத்திருக்கும் குடும்பங்களே நிறைய இருக்கின்றன. வாரத்தில் ஒரு காலை அந்தக் கார் ஒரு நோயாளிக்காக ஓடினால் அதுவும் கைப்பிடி அரிசிதான்.

இரண்டு தயக்கங்கள் கமிட்டியில் வரும் என்று தெரியும். ஒன்று, ‘இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, சபையின் வேலை ஜெபிப்பது’ என்பது. வேதத்தில் யாக்கோபு தம் நிருபத்தில் இதற்கு ரொம்ப நேராகவே பதில் சொல்லிவிட்டார்: குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லிவிட்டு, சரீரத்திற்கு வேண்டியவைகளைக் கொடாவிட்டால் பிரயோஜனமென்ன என்று கேட்கிறார். ஜெபித்துவிட்டு எழுந்து போய் ஆட்டோ பிடிப்போம். இரண்டும் சேர்ந்ததுதான் ஊழியம்.

இன்னொன்று, மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்ற பேச்சு வருமே என்ற பயம். இதில் நாம் கறாராக இருக்க வேண்டும். ஹாலுக்கு வருகிறவர் கையில் கைப்பிரதி கொடுக்கக் கூடாது; எந்த மதம், என்ன சாதி, எந்தச் சபை என்று கேட்கவும் கூடாது. உடம்பு முடியாமல் நம்மை நம்பி வருகிறவரிடம் வேறு எதையும் எதிர்பார்ப்பது, என் மனசாட்சிப்படி, பாவம். இயேசு சொன்ன உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக்கொண்டு சத்திரத்துக்குப் போன சமாரியனும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு மாட்டிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்துப் புதுக்குடி மக்கள் சமைத்துப் போட்டார்கள். யாரும் யாரையும் யார் என்று விசாரிக்கவில்லை. ஊர்க் கோயில் கமிட்டியிலிருந்தோ ஜமாத்திலிருந்தோ உதவிக்கு ஆள் வந்தால் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி அவசியம். நல்ல மனசு மட்டும் போதாது. டயாலிசிஸ் முடித்துக் களைத்து வருகிறவரைப் பார்த்து இரக்கப்பட்டு இளநீரோ வாழைப்பழமோ வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். அதிலுள்ள பொட்டாசியம் அவருக்கு ஆபத்து. தண்ணீர்கூட அளவோடுதான். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் எப்படி அழுத்த வேண்டும், எப்போது உடனே திரும்ப வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தால் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்துவிடலாம். எந்தச் சேகரம் கூப்பிட்டாலும் நான் வருகிறேன். என்னைப் போல ஓய்வு பெற்ற இன்னும் சில நர்சுகளும் வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஹால் சாவி யாரிடம் இருக்கும், திங்கட்கிழமை யார், வியாழக்கிழமை யார், ஆட்டோவுக்கு எவ்வளவு என்பதை அன்றைக்கே எழுதிவிடுங்கள். பண்டிகைக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று மட்டும் தள்ளிவைக்க வேண்டாம்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சபையின் அங்கத்தினர் ஒருத்தி