இன்னொரு பலகையும் மாட்டுங்கள்

தமிழ்நாட்டில் ஸ்கேன் சென்டர் நடத்தும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். என் தங்கைக்குத் தலைப்பிரசவம். ஸ்கேனுக்கு நான்தான் அழைத்துப்போனேன். எந்த ஊர், எந்த சென்டர் என்பதெல்லாம் வேண்டாம்.

டோக்கன் போடும் பெண், "டூ-டியா, ஃபோர்-டியா?" என்று கேட்டார். நாங்கள் விழித்தோம். "ஃபோர்-டின்னா குழந்தை முகமே தெரியும். தாய்மாமன் வேற வந்திருக்கீங்க, பாக்க வேணாமா?" அதற்கு மேல் எந்தத் தாய்மாமன் வேண்டாம் என்பான்? எண் கூடினால் ஸ்கேனும் உசத்தி என்று நினைத்துப் பணத்தைக் கட்டினேன்.

படம் வந்தது. மூக்கு அப்படியே அம்மா மூக்கு. வீடே அதைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தது. ரிப்போர்ட்டை யாரும் பிரிக்கவில்லை. நாலு நாள் கழித்து, ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ்தான் அதன் கடைசி ஆங்கில வரியைப் படித்துச் சொன்னார்: குழந்தை கிடக்கும் வாட்டத்தில் இதயம் முழுதாகத் தெரியவில்லை, ஒரு வாரத்தில் மறுபடி வரவும்.

போனோம். நல்லவேளை, குறை ஒன்றுமில்லை. ஆனால் அன்று வேறொரு மருத்துவர் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. இதயத்தின் நான்கு அறைகள், முதுகெலும்பு, மூளை, சிறுநீரகம் எல்லாவற்றையும் பெரும்பாலும் காட்டுவது அந்தச் சாம்பல் நிற டூ-டி படம்தான். த்ரீ-டி மேல்தோலைக் காட்டும். அதுவே அசைந்தால் ஃபோர்-டி. உதட்டுப் பிளவு மாதிரி சந்தேகம் வந்தால் அது உதவும், ஆனால் அதைக் கேட்க வேண்டியவர் மருத்துவர், டோக்கன் மேசை அல்ல. டாப்ளர் வேறு. தொப்புள்கொடியில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது. குழந்தை வளர்ச்சி குறைந்தால் அதன் அருமை தெரியும். ஸ்கேனில் எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சு கிடையாது, ஒலி அலைதான். ஆனாலும் நினைவுப் படத்துக்காக மட்டும் ஸ்கேன் எடுக்காதீர்கள் என்றே அமெரிக்காவின் உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்கிறது.

இன்னொரு சிக்கல், நாள் கணக்கு. எங்கள் வீட்டில் நாள் தள்ளிப்போனதிலிருந்து எண்ணுவார்கள். நீங்களோ கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறீர்கள். ஏறக்குறைய நாலு வாரம் இடிக்கிறது. "அஞ்சு மாசம் முடியட்டும், போகலாம்" என்று அம்மா சொன்னதைக் கேட்டுப் போனோம். ரிப்போர்ட்டில் 25 வாரம் என்று இருந்தது. உறுப்புகளைப் பார்க்கும் அனாமலி ஸ்கேனுக்கு ஏற்ற காலம் 18 முதல் 22 வாரம். கழுத்துப் பின்புற நீரை அளக்கும் என்.டி. ஸ்கேன் என்றால் 11 முதல் 14 வாரத்துக்குள். எங்களுக்கு இரண்டுமே தப்பியிருந்தது.

தப்பினால் என்ன என்று கேட்கலாம். 2021-இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி, 24 வாரம் தாண்டிவிட்டால் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருந்தாலும் கருவைக் கலைக்க மருத்துவ வாரியத்தின், அதாவது அரசு அமைத்த மருத்துவர் குழுவின், முன் நிற்க வேண்டும். அந்த அலைச்சலை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

உங்கள் ஒவ்வொருவர் சுவரிலும் ஒரு பலகை இருக்கிறது: "இங்கு கருவின் பாலினம் தெரிவிக்கப்படமாட்டாது." 1994-ஆம் ஆண்டுச் சட்டம் மாட்டச் சொன்னது. தமிழில் இருப்பதால் என் அம்மாவும் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். அதன் பக்கத்திலேயே இன்னொன்று மாட்டுங்கள். எந்த வாரத்தில் எந்த ஸ்கேன், எதைப் பார்க்க, எவ்வளவு ரூபாய், வாரத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது, அவ்வளவுதான். ஃபோர்-டி வரியில் "மருத்துவர் சொன்னால் மட்டும்" என்று சேர்த்துவிடுங்கள்.

ரிப்போர்ட் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும், அடுத்த மருத்துவருக்கு அதுதான் வசதி. ஆனால் "மறுபடி வரவும்" என்று இருந்தால், வயிற்றில் தடவிய ஜெல்லை அவள் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வாயால் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்மாமன்