ஒண்ணும் கெடைக்கலன்னு சொன்னியே

யம்மா, பசியாறிட்டியா? ஜெனீவால குளிர் எறங்கிருச்சா? சுங்கை சிப்புட்ல ஒரே மழை, செம்பனை வெட்டுக்கு ஆள் எறங்கவே முடியல.

புரோட்டான மோத விடற உங்க கொலைடர் மெஷின்ல டார்க் மேட்டர, அதான் ஒளி விடாம ஈர்ப்பால மட்டும் தெரியற பொருள, தேடுனது என்னாச்சுன்னு கேட்டா, போன்ல "ஒண்ணும் கெடைக்கலப்பா"ன்னுட்டு நீ டக்குனு வேற பேச்சுக்கு தாவிட்ட, அதான் எழுதறேன். அந்த தேடல் பத்தி நீ அனுப்புனத தம்பி பிரிண்ட் போட்டு குடுத்தான், முக்கால்வாசி மண்டையில ஏறல, ஆனா ஒரு எடம் நல்லா புடிபட்டுச்சு. புரோட்டானுங்க நேருக்கு நேரா வந்து மோதுது, அப்ப பக்கவாட்டு மொமென்டத்த (உந்தம்) தெசையோட கூட்டுனா சைபர் வரணும். ஒரு பக்கம் மட்டும் ஜெட், அதான் துகள் கொத்து, பாஞ்சு எதிர்ப்பக்கம் காலியா கெடந்தா, எதோ ஒண்ணு டிடெக்டர்ல மாட்டாம நழுவிருச்சு. அட, இது நான் பாத்த எஸ்டேட் கிராணி (கணக்கர்) வேலைதானே! ஃபீல்டுல ஏத்துன குலையும் மில்லுல எறக்குன எடையும் ஒத்து வரலன்னா உடனே திருட்டுன்னு எழுத முடியாது, தெரிஞ்ச காரணத்தையெல்லாம் மொதல்ல கழிக்கணும். உங்களுக்கு அது நியூட்ரினோ, எதுலயும் பெரும்பாலும் மோதாம நழுவற துகள். மோதல்ல பொறக்கற இசட் போசான்ங்கற துகள் ரெண்டு நியூட்ரினோவா ஒடைஞ்சா அதுவும் இப்படித்தான் காணாம போவுது, அத கழிச்சு மிச்சம் நிக்குதான்னு பாக்கறதுதான் பெரிய பாடு போல.

மிச்சம் நின்னாலும் அது டார்க் மேட்டர்தான்னு அந்த மெஷின் மட்டும் சொல்லிட முடியாதாமே. டிடெக்டர தாண்டுற வரைக்கும் ஒடையலன்னு தெரியும், அவ்ளோதான், வெளிய போய் அடுத்த நொடி ஒடைஞ்சா யாருக்கு தெரியும்? டார்க் மேட்டர்னா 1380 கோடி வருஷம் தாக்குப் புடிச்சிருக்கணும். அதனாலதான் அமெரிக்காவுல சவுத் டகோடால சுரங்கத்துக்குள்ள திரவ செனான் தொட்டி வச்சு, டார்க் மேட்டர் வந்து அணுவ தட்டுதான்னு காத்துக்கிட்டு இருக்காங்க, அங்கயும் தட்டுனாதான் நம்பலாம். ஆனா துகள் ரொம்ப லேசா இருந்தா செனான் அணுவ கண்டுபுடிக்கற அளவுக்கு அசைக்காதே, அங்க உங்க கொலைடர்தான் கை குடுக்கணும்.

அப்புறம் அந்த ஹிக்ஸ்ங்கற துகள் விஷயம். அது கண்ணுல படாத துகளா ஒடையறது நூத்துக்கு சுமார் 11க்கு மேல போக வாய்ப்பில்லன்னு உங்க மெஷின்ல இருக்கற அட்லஸ் டிடெக்டர்காரங்க போட்டிருக்காங்க, ஹிக்ஸ் ரெண்டு டார்க் மேட்டர் துகளா ஒடைய ஒவ்வொண்ணும் அதோட எடைல பாதிக்கும் கம்மியா இருக்கணும்ல, அப்ப அப்படி கம்மியான டார்க் மேட்டர்னு எழுதி வச்ச கணக்குல எத்தன அடிபட்டிருக்கும்! இத போயி ஒண்ணும் கெடைக்கலங்கறியே.

ஒரு சந்தேகம், 2030 வாக்குல மெஷின மாத்தி மோதல கூட்டப் போறாங்களாம்ல, அப்ப ஒரே நேரத்துல ஏகப்பட்ட மோதல் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து பக்கவாட்டு கணக்கு கொழம்பாதா? எது எந்த மோதல்லேருந்து வந்துச்சுன்னு எப்படி பிரிக்கறீங்க? ஞாயித்துக்கெழம கூப்புடறப்ப சொல்லு. அம்மா கறித்தூள் போஸ்ட்ல போட்டாச்சு.

அப்பா