இசிஜி சரியாக இருந்தும் அடங்காத படபடப்பு

ஆசிரியருக்கு,

நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடி, இசிஜி, தைராய்டு எல்லாம் சரி என்று திரும்புகிறவர்கள் நம் குமரி மாவட்டத்திலும் உண்டு. 'ஒன்றுமில்லை, தைரியமாக இருங்கள்' என்பது சிகிச்சை ஆகாது.

இதயக் கோளாறு இல்லாமலே திடீரென வரும் இந்தப் பீதித் தாக்குதல் (பேனிக் அட்டாக்) பொதுவாகப் 10 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுத் தானாகவே இறங்கும். மருத்துவ உளவியலாளர் நம்பியிருப்பது இதைத்தான். பேருந்தில் தாக்குதல் வந்துவிடுமோ என்ற பயம் என்றால், பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டுப் படிகள் அமைப்பார்: வடசேரி பேருந்து நிலையத்தில் நிற்பது 30, துணையோடு சுசீந்திரம் போவது 50, தனியாக மார்த்தாண்டம் போவது 90. ஒவ்வொரு படியிலும் பயம் தானாகத் தணியும்வரை விலகாமல் இருந்து பழக வேண்டும். வாரம் ஓர் அமர்வு, பெரும்பாலும் 12 முதல் 15 அமர்வுகள். இடையில் அன்றாடப் பயிற்சி.

கெடுவது எங்கே? பயம் உச்சத்தில் இருக்கும்போது பேருந்திலிருந்து பாதிவழியில் இறங்கிவிட்டால், 'இறங்கியதால்தான் பிழைத்தோம்' என்று மனம் பதித்துக்கொள்ளும். பையில் மாத்திரை, கையில் தண்ணீர், பக்கத்தில் துணைக்கு ஆள் என்பதும் அப்படியே. ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். பாசத்தால் எப்போதும் கூடவே போகும் வீட்டார் இதைப் புரிந்துகொள்வது மிக அவசியம்.

'கவுன்சிலிங்' பலகையை மட்டும் நம்பாமல், மருத்துவ உளவியலாளர்களைப் பதிவுசெய்யும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவெண்ணைக் கேளுங்கள். மாத்திரை தேவையென்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல்கட்ட ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் உண்டு.

இசிஜி சரியென்று அனுப்பும்போதே சீட்டில் மனநலப் பிரிவுக்கும் எழுதிக் கொடுக்குமாறு மருத்துவர்களை வேண்டுகிறோம்.

– மருத்துவ உளவியலாளர்கள் சிலர்,
நாகர்கோவில்