வெப்கேமாகவும் பயன்படும் என்று விற்ற கேமரா: புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வீடியோ அழைப்புக்குப் பயன்படாத மிரர்லெஸ் கேமரா குறித்து

ஐயா,

வணக்கம். ஈரோட்டில் இருந்து ஜூம் வழியாக ஆரி வேலை சொல்லிக்கொடுக்கிறேன். துணிக்கு அடியில் இருக்கும் நூலை ஊசிக் கொக்கி எப்படிப் பிடித்து மேலே இழுக்கிறது என்று பார்த்தால்தான் பிள்ளைகளுக்குச் சங்கிலித் தையல் பிடிபடும். லேப்டாப் கேமராவில் அது தெரியாது. உங்கள் பெட்டியில் 'வெப்கேமாகவும் பயன்படுத்தலாம்' என்று போட்டிருந்ததால்தான் பொங்கல் சலுகையில் இந்த மாடலை எடுத்தேன்.

யுஎஸ்பி ஒயரைச் சொருகினால், கேமரா ஒன்று வந்திருப்பதாகவே ஜூமுக்குத் தெரியவில்லை. அதற்குத் தனி மென்பொருள் வேண்டுமாம். சரி, அதையும் நிறுவினேன். படம் 1024×576 புள்ளி என்ற குறைந்த அளவில்தான் வருகிறது. 24 மெகாபிக்சல் கேமராவில் ஜரிகை எது, பட்டு நூல் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒலியும் வராது. அப்புறம் லேப்டாப்பில் ஒரு அப்டேட் வந்தது; அன்றோடு அந்த மென்பொருளும் படுத்துவிட்டது.

சேவை மையத்தில் கேட்டதற்கு, கேமராவின் ஹெச்டிஎம்ஐ ஒயரில் வரும் படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு வாங்கச் சொன்னார்கள். அந்தச் செலவும் செய்தாயிற்று. இப்போது படம் தெளிவுதான், ஆனால் ஃபோகஸ் கட்டமும் பேட்டரிக் குறியும் சேர்ந்தே வருகின்றன. கட்டம் போய் உட்காருவது சரியாக ஊசி முனையில்! இந்த மாடலில் அதை மறைக்க வழியில்லை என்று உங்கள் ஊழியரே சொல்லிவிட்டார். கேமரா ஓடும்போது சார்ஜும் ஏறாது. வகுப்பு பாதியில் நிற்கிறது. அதற்கு, பேட்டரி இடத்தில் வைத்து கரண்டில் இருந்து நேராக ஓட்டும் டம்மி பேட்டரியாம், அதுவும் தனிக் காசு.

தனி மென்பொருள் இல்லாமல், யுஎஸ்பி ஒயரைச் சொருகியதும் கேமராவை வேலை செய்ய வைக்கும் யுவிசி என்ற தரநிலை 2003-லேயே வந்துவிட்டது. மலிவான வெப்கேமில்கூட அது இருக்கிறது. புகைப்படம் அருமையாக எடுக்கிறது, அதில் எனக்குக் குறையே இல்லை. பெட்டியில் அச்சடித்த வேலையைத்தான் கேட்கிறேன்.

யுவிசி வசதியையும், குறிகள் இல்லாத ஹெச்டிஎம்ஐ படத்தையும் ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) அப்டேட்டில் எப்போது தருவீர்கள் என்று 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லுங்கள். முடியாது என்றால் கேமராவை எடுத்துக்கொண்டு, கேப்சர் கார்டு விலையையும் சேர்த்துப் பணத்தைத் திருப்பித் தாருங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுப்பேன்.

இரண்டு பில்களும், பெட்டியின் படமும், கட்டம் தெரியும் வகுப்புப் பதிவும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஈரோடு